விருந்தாளிக்கு நான் போட்ட ஏழாவது விதி

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரைத் திருவிழா சமயம். நானும் என் கணவரும் அப்போது மதுரை விளாங்குடியில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். நான் மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் உலக உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பாடம் நடத்துகிறவள் என்பதால், உலகமே என் உள்ளங்கையில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. அதிகபட்சம் நான் போயிருந்தது என்னவோ கொடைக்கானல் வரைக்கும்தான்.

கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு ஒரு பேனா நட்பு கிடைத்திருந்தது. ஸ்காட்லாந்துப் பெண். அவளும் பள்ளி ஆசிரியை. மாதம் ஒரு நீலக் கடிதம் அவளிடமிருந்து வரும், மாதம் ஒன்று என்னிடமிருந்து போகும். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவளிடமிருந்து தடிமனாக ஒரு கவர் வந்தது. வெப்பமண்டல நாடு ஒன்றுக்கு முதல் முறையாக விடுமுறைக்குப் போகப் போகிறாளாம், அது என் ஊராக இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாளாம். கூடவே இருபத்திரண்டு கேள்விகள், எண் போட்டு. என்ன ஊசி போட வேண்டும், எந்த மாதிரி செருப்பு, பாம்பு வீட்டுக்குள் வருமா, ஜனவரி மாதம் வரலாமா, வெயில் எவ்வளவு இருக்கும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரியே சிவப்பு மையும் நீல மையும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினேன். ஜனவரி என்று அவள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, சித்திரை மாதம் வா என்று எழுதினேன்.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்தம்மா பனி கொட்டுற ஊர்லருந்து வருது. மார்கழி மாசம் வரச் சொல்லுவியா, கத்திரி வெயில்ல வரச் சொல்றியே?" என்றார். அவர் என்னைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"மார்கழில மதுரையில என்னங்க இருக்கு? அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்காம ஒருத்தி மதுரைக்கு வந்துட்டுப் போனான்னு சொன்னா, அது எனக்குத்தான் அசிங்கம்" என்றேன்.

நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பமில்லை, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அழகரைப் பார்க்க யாரிடம் அனுமதி வேண்டும்? சின்ன வயதிலிருந்து ஒரு வருடம்கூட நான் விட்டதில்லை.

வெயில் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதிலைச் சுருக்கிவிட்டேன். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நாங்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எழுதி முடித்தேன்.

பிறகு ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, பதினைந்து நாளைக்குக் கட்டம் போட்டேன். எத்தனை மணிக்கு எங்கே, எந்த பஸ், எந்த வீட்டில் சாப்பாடு, எல்லாம் அதில் இருந்தது. திருவிழா நாளுக்குத் தனியாக ஒரு தாள். அதில் ஏழு விதிகள். புதுச் செருப்பு கூடாது, கேமராவின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி. ஏழாவது விதியைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். அன்று காலை தண்ணீர், காபி எதுவும் குடிக்கக் கூடாது, வழியில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

இது என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். தூரப் பயணமா, கல்யாண வீடா, திருவிழாவா, காலையிலிருந்து தண்ணீரைத் தொடாதே. பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். காலையில் அரை டம்ளர் காபியோடு கிளம்பினால், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் செம்பைத் தூக்குவேன். இதை ஒரு கஷ்டமாகவே நான் நினைத்தது கிடையாது. எனக்கு அது சாமர்த்தியம்.

தோழி வந்து இறங்கினாள். நெட்டையாக, கன்னம் சிவந்து, சிரித்த முகம். தோளில் எந்நேரமும் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் ஏதோ மாத்திரையைப் போட்டு வைத்திருப்பாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து குடிப்பாள். முதல் நான்கு நாள் என் சார்ட் பேப்பர் பிசகாமல் ஓடியது. மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால், தெப்பக்குளம், என் சித்தி வீடு, என் கணவரின் அக்கா வீடு. இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டாள், பரோட்டாவைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டாள். நான் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தேன். சுற்றுலா ஆபீஸ் வைத்திருக்கிறவர்களெல்லாம் என்னிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றுகூட அவரிடம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். விடியுமுன்னே எழுந்தோம். சேலை கட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கு அவளைவிட ஆசை. பீரோவிலிருந்து என் கல்யாணப் பட்டையே எடுத்துக் கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகை வைத்தேன். கிளம்பும்போது வழக்கம்போல அவள் பாட்டிலைத் தோளில் மாட்டினாள். நான் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஏழாவது விதி என்று விரலைக் காட்டினேன். அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு, உன் ஊர் உனக்குத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றி வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பி, பீய்ச்சி அடிக்கிறவர்கள் தலையில் உருமாவோடு ஆடி வந்தார்கள். தங்கக் குதிரையில் அழகர் வந்தபோது தோழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கண்ணெல்லாம் தண்ணீர். எல்லோரும் ஏன் பட்டின் நிறத்தையே பார்க்கிறார்கள் என்று கேட்டாள். பச்சைப் பட்டு கட்டி வந்தால் அந்த வருடம் ஊர் செழிக்கும் என்று விளக்கினேன். அந்த வருடம் பச்சைதான். எனக்கென்னவோ நானே அதை ஏற்பாடு செய்து காட்டியது போல ஒரு பெருமை.

அத்தோடு வீடு திரும்பியிருந்தால் ஒன்றுமில்லை. பதினோரு மணிக்கு ராமராயர் மண்டபம் பக்கம் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்க வேண்டும் என்று என் தாளில் இருந்தது. தாளில் இருப்பதை விடுகிற ஆளா நான்? வெயில் ஏற ஏற, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று அவளை இழுத்துக்கொண்டு திரிந்தேன்.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்தான். பத்தடிக்கு ஒரு இடத்தில் மோர், பானகம். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும் பந்தல்காரர்கள் ஓடி வந்து டம்ளரை நீட்டினார்கள். நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அது கொதிக்க வைத்த தண்ணீரும் இல்லை, குடித்தால் போக இடமும் இல்லை. இப்படி எனக்கு இரண்டு காரணம். கூட வந்த என் கணவர் மட்டும் ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடித்துவிட்டு வந்தார். ஆம்பளைக்கு என்ன, எந்தச் சுவரும் போதும்.

ஒரு தடவை அவள் மெதுவாக, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவில்லை. படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

தண்ணீர் பீய்ச்சுவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், கூட்டத்தில் பஸ் ஒன்றும் நகரவில்லை. செல்லூர் வழியாக நடந்து, தத்தனேரி பக்கம் போனால் ஏதாவது வண்டி கிடைக்கும் என்று கிளம்பினோம். செல்லூர் என்றால் சந்துக்குள் சந்து, வீட்டுக்கு வீடு தறி. திருவிழா என்பதால் அன்று தறிச் சத்தமே இல்லை. அவள் நடை தள்ளாடியது. ஏதோ கேட்டேன், சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். முகத்தைப் பார்த்தேன். காலையில் செக்கச்செவேல் என்றிருந்த முகம் வெளுத்துப் போயிருந்தது. வியர்வைப் பொட்டு ஒன்றுகூட இல்லை. சைக்கிள் ரிக்‌ஷா ஏதாவது பிடித்து வருகிறேன் என்று என் கணவர் ஓடினார். அவர் முனை திரும்புவதற்குள் அவள் முழங்கால் மடிந்து, நட்டநடுச் சந்தில் சரிந்துவிட்டாள்.

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், நெசவு வீட்டுப் பெண். பார்த்த பார்வையிலேயே ஓடிவந்து தோளுக்கு அடியில் கை கொடுத்தார்.

"என்னாச்சும்மா இந்தப் புள்ளைக்கு?"

"வெயில் தாங்கலக்கா, வெளியூருக்காரங்க."

"வெயிலு தாங்கலயா, நீ தாங்க விடலயா? ஆத்தாடி, இந்த வேகுற வெயில்ல பட்டையில்ல சுத்தி விட்டிருக்க! மொதல்ல அத அவுரு."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையில் கிடத்தினோம். அக்கா கதவைச் சாத்திவிட்டு, பட்டுச் சேலையை உருவிப் போட்டுவிட்டு, குடத்துத் தண்ணீரைத் தலை, கழுத்து, மார்பு என்று ஊற்றினார். ஈரத்துணியைச் சுற்றி விசிறினார். என் தோழி கண் திறக்கவில்லை. அவள் அம்மாவுக்கு என்னவென்று தந்தி அடிப்பேன்? ஒன்பது வருடமாகக் கடிதம் எழுதிக் கூப்பிட்டு, நானே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

"அழுகுறதெல்லாம் பெறகு. இந்தா, விசிறு" என்று அக்கா விசிறியை என் கையில் திணித்தார். இமை லேசாக அசைந்த பிறகுதான், நீராகாரத்தில் உப்பைக் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கரண்டி உதட்டில் வைத்தார். முதல் கரண்டி வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதை விழுங்கினாள். அந்த விழுங்கலைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி போல வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை.

"காலையிலருந்து எம்புட்டுத் தண்ணி குடிச்சுச்சு இது?" என்று அக்கா கேட்டார்.

"குடிக்கல. நான்தான் வேணாம்னுட்டேன். வெளிய கிளம்புற நாளு... உங்களுக்குத் தெரியாதாக்கா?"

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நமக்கு வாயக் கட்டிப்போட்டுப் பழகிப்போச்சு. அதுக்கு எப்படிப் பழகியிருக்கும்?" என்றார்.

அரை மணி நேரத்தில் தோழி கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். கேட்கக் கேட்கக் கொடுத்தோம். கொதிக்க வைத்ததா, மாத்திரை போட்டதா என்றெல்லாம் அவளும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனதும் என் காதில் கூச்சத்தோடு ஒன்று கேட்டாள். அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அக்காவிடம் மென்று விழுங்கிச் சொன்னேன்.

அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இங்க எந்த வீட்லயும் இல்ல தாயி. நாங்க இருட்டோட ஆத்துப் பக்கம் போயிட்டு வந்துருவோம். நேத்துலருந்து ஆத்துல அம்புட்டுச் சனமும் நிக்கிது, எங்கிட்டுப் போறது? நேத்து மத்தியானத்துலருந்து நாங்களும் வாயக் கட்டிக்கிட்டுத்தான் கெடக்கோம். திருவிழான்னா எங்க தெருப் பொம்பளைகளுக்கு ரெண்டு நாள் பட்டினி."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருடம் அந்தத் திருவிழாவுக்கு வந்திருக்கிறேன், எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். கரையோரத்தில் இருக்கிறவர்கள் அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

அக்கா சட்டென்று எழுந்தார். "இருங்க, வாரேன்" என்று பின்கதவைத் திறந்து, பேர் சொல்லி நான்கு பெண்களைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஆளரவமில்லாத ஒரு குறுகல், நடுவில் சாக்கடை ஓடியது. தறியிலிருந்து முந்தின நாள்தான் அறுத்து எடுத்த இரண்டு புதுச் சேலைகளை அக்கா கொண்டுவந்தார். இன்னும் மடிப்புக்கூட விழாத சேலைகள். நான்கு பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுற்றிலும் மறைப்புக் கட்டி நின்றார்கள். முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே இருப்பவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதாம், எல்லோரும் சத்தமாக யார் வீட்டு மருமகளையோ பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அக்காவின் நூல்சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்த தோழியை நான் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு நின்றேன்.

அவள் வெளியே வந்ததும் ஒரு பெண், "ஏ, இதக் கொஞ்சம் புடி, நானும் போயிட்டு வந்துர்றேன்" என்று தன் முனையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது. அடுத்து இன்னொருத்தி. அடுத்து இன்னொருத்தி.

"டீச்சரு மட்டும் ஏன் நிக்கிறீக? டீச்சருன்னா இதெல்லாம் வராதா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் டீச்சர் என்று எப்போது சொன்னேன் என்றே தெரியவில்லை, என் தோரணையே சொல்லியிருக்கும். மானத்தை விட்டு நானும் போனேன். வந்து, அடுத்தவளுக்காக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோழி படியில் உட்கார்ந்து, சோர்ந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் ரிக்‌ஷாவோடு வந்து, தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, வாசலிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வரப் பார்த்தார். "வராதீக! அங்கிட்டே நில்லுங்க!" என்று ஆறு குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. மனிதர் பயந்துபோய், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி தெருவில் கால் மணி நேரம் நின்றார்.

போகிற வழியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பரிசோதித்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டிருந்தா, எங்கிட்ட கூட்டிட்டு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காதும்மா" என்றார். என் கணவர் அன்று என்னைக் கிண்டல் செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் நானே அந்தச் சார்ட் பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மறுநாள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மீதி நாட்களுக்கு அவளே திட்டம் போட்டாள். காலையில் இரண்டு மணி நேரம் சுற்றல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி சுற்றல். நன்றாகத்தான் போனது. ஆனால் அவள் மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டாள், நீ பள்ளிக்கூடத்திலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை குடிக்க மாட்டாயா என்று. மாட்டேன், எனக்குப் பழக்கம் என்றேன். அப்படியானால் உன் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

இருபத்திரண்டு கேள்விக்குப் பதில் எழுதின எனக்கு, அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் நாள், மத்தியான வகுப்பு. சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பிக்காமல், காலையிலிருந்து தண்ணீர் குடித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஐம்பது பேர் இருந்த வகுப்பில் இரண்டு கைதான் மேலே வந்தது. அதில் ஒரு கை, ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று உடனே இறங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் மத்தியான வகுப்பில் தலைவலி என்று படுத்துக்கொள்கிற பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நான் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை.

பிறகு நான் சும்மா இருக்கவில்லை, சும்மா இருக்கிற சுபாவமும் எனக்கு இல்லை. தலைமையாசிரியையிடம் போய் நின்றேன், நிர்வாகத்திடம் போய் நின்றேன். இதையெல்லாம் வெளியே பேசலாமா என்று ஆசிரியைகளே முகம் சுளித்தார்கள். பேசினேன். மூன்றாவது வருடம், கதவோடும் தாழ்ப்பாளோடும் வரிசையாகக் கழிப்பறைகள் கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே குடிநீர்க் குழாயும் வந்தது. முதல் வாரம் அதில் குடிக்கப் பிள்ளைகளுக்குத் தயக்கம். நானே இடைவேளையில் குழாயடியில் போய் நின்று, எல்லோரும் பார்க்க இரண்டு டம்ளர் குடித்துக் காட்டினேன்.

இன்றைக்கும் என் வீட்டுக்கு எந்தப் பெண் வந்தாலும், கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுக்கும்போதே, பாத்ரூம் இந்தப் பக்கம் இருக்கிறது என்று நானே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுத்தானே நாங்கள் அத்தனை பேரும் அத்தனை வருடம் தாகத்தோடு இருந்தோம்.